ஆண்டனி தாஸைப் பார்த்து ஏன் பயம் வரவில்லை?

விஜய் படத்தின் முதல் நாள் காலைக் காட்சியில் அமைதி என்பது அபூர்வம். 2023 அக்டோபர் 19 அன்று 'லியோ' பார்க்கப் போனபோது அது இரண்டு தடவை வந்தது. முதல் தடவை, இரவு கடை மூடும் நேரத்தில் மிஷ்கினும் சாண்டியும் ஆட்களோடு அந்தக் காபிக் கடைக்குள் நுழைந்தபோது. அதுவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கியது. எனக்கு முன்வரிசையில் பேப்பர் கிழித்து வீசிக்கொண்டிருந்த பையன், மிச்சப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாவது தடவை, இடைவேளைக்குப் பிறகு, ஃப்ளாஷ்பேக்கில். திரையில் சஞ்சய் தத், அர்ஜுன், பெரிய தொழிற்சாலை, அடியாட்கள், பூஜை, பலி எல்லாம் இருந்தன. ஆனால் இந்த அமைதி வேறு ரகம். அங்கங்கே செல்போன் வெளிச்சம் தெரிந்தது. அதே பையன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

ஒரே படம், ஒரே இயக்குநர், ஒரே ஹீரோ. ஊர் பேர் தெரியாத நாலு திருடர்கள் தியேட்டரையே நடுங்க வைத்தார்கள். படத்தின் முக்கிய வில்லன்கள் இருவரால் அது முடியவில்லை. இது எனக்குப் பல மாதங்களாக மனதில் உறுத்திக்கொண்டிருந்த விஷயம். வில்லன் ஏன் சப்பென்று போகிறான் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் சமீபத்தில் கிடைக்கவில்லை. வலுவான வில்லனும் டம்மி வில்லனும் இதே படத்துக்குள் அடுத்தடுத்து வருகிறார்கள். கதை முழுவதையும் பேச வேண்டியிருக்கும் என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதையும் எதிர்பார்ப்பும்

இமாச்சலப் பிரதேசத்தில் தியோக் என்ற மலை ஊர். விஜய் நடித்த பார்த்திபன் அங்கே காபிக் கடை நடத்துகிறார். மனைவி சத்யா, இரண்டு பிள்ளைகள். ஒரு இரவு கடைக்குள் புகுந்த கொலைகாரக் கும்பலை அவர் சுட்டுத் தள்ளுகிறார். தற்காப்பு என்று நீதிமன்றம் விடுவிக்கிறது. ஆனால் பத்திரிகையில் படம் வந்துவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும் ஆண்டனி தாஸ், இவன் செத்துப்போனதாக நாம் நினைத்த என் மகன் லியோ என்று ஆட்களோடு கிளம்பி வருகிறான். பார்த்திபனோ, நான் லியோ இல்லை என்கிறார். இவ்வளவுதான் கதை. அருமையான கதை.

ஆண்டனியாக சஞ்சய் தத். அவருக்கு இது முதல் தமிழ்ப் படம். ஆண்டனியின் தம்பி ஹரோல்டாக அர்ஜுன். ஜூலை 29, சஞ்சய் தத்தின் பிறந்த நாளுக்கு ஆண்டனிக்கென்று ஒரு சிறு வீடியோ வந்தது. ஆகஸ்ட் 15, அர்ஜுனின் பிறந்த நாளுக்கு ஹரோல்டுக்கு ஒன்று. இரண்டையும் எத்தனை தடவை பார்த்திருப்போம்! படம் வெளியாகும் முன்பே இந்த இருவரும் ரசிகர்கள் மனதில் வளர்ந்து நின்றார்கள். படம் வசூலில் பெரிய வெற்றி. அதில் எந்த மறுப்பும் இல்லை. ஆனாலும் வெளியே வந்தவர்களிடம் கேட்டால், 'ஃபர்ஸ்ட் ஆஃப் செம, செகண்ட் ஆஃப்தான் கொஞ்சம்...' என்று இழுத்தார்கள். அந்த இழுவைக்குள்தான் ஆண்டனி தாஸ் இருக்கிறான்.

காபிக் கடையில் என்ன நடந்தது

முதலில் நன்றாக வந்ததைப் பார்ப்போம். மிஷ்கின் கும்பலைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். கொலை செய்வதற்கு இவர்களுக்குப் பெரிய காரணம் தேவையில்லை என்பதைப் படம் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறது. அவர்கள் எப்படி இப்படி ஆனார்கள், சின்ன வயதில் என்ன கஷ்டப்பட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. சாண்டி நடித்த பாத்திரம் ஒருவிதமாக ஆடிக்கொண்டே பேசும் மிருகம். அவன் அடுத்து என்ன செய்வான் என்று அவன் கூட வந்தவர்களுக்கே தெரியாது.

ஆனால் பயம் அவர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. கடைக்குள் வேலை செய்யும் பெண் இருக்கிறாள். பார்த்திபனின் சின்ன மகள் சின்டு இருக்கிறாள். பார்த்திபன் கெஞ்சுகிறார், பணத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். அடிக்கத் தெரியாதவர் இல்லை, அடிக்கக் கூடாது என்று தன்னைப் பிடித்து வைத்திருப்பவர் என்பது நமக்கு மெல்லப் புரிகிறது. அதாவது அந்தக் கும்பல் மிரட்டுவது அவர் உயிரை மட்டுமில்லை. இத்தனை வருஷம் அவர் கட்டிக் காத்த ஒரு வாழ்க்கையை. அவர் சும்மா நின்றால் மகள் போவாள். கை ஓங்கினால் பார்த்திபன் என்கிற மனிதன் போய்விடுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் இழப்பு. அத்தனை பேரையும் சுட்ட பிறகு அவர் உடைந்து அழும்போது தியேட்டரில் விசில் வரவில்லை. விஜய் ஜெயித்த ஒரு சண்டை முடிந்து விசில் வராமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வில்லனை அளக்க எனக்கு அந்த இடம்தான் அளவுகோல். அவன் எத்தனை பேரை வெட்டினான் என்று பார்க்க வேண்டாம். அவன் வந்து நின்றதும் ஹீரோவுக்கு எதை இழப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வருகிறதா என்று பார்த்தால் போதும்.

ஆண்டனியின் கையில் இருந்த ஆயுதம்

ஆண்டனி தியோக்குக்கு வந்து இறங்கும்போது அவன் கையில் இருப்பது துப்பாக்கியைவிடப் பெரிய ஆயுதம். ஒரே ஒரு கேள்வி. நீ லியோதானே?

யோசித்துப் பாருங்கள். துப்பாக்கி பார்த்திபனை ஒன்றும் செய்யாது. எத்தனை பேர் வந்தாலும் அவர் அடித்துவிடுவார், அது விஜய் படம், நமக்கும் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியை அவரால் அடிக்க முடியாது. அது அவர் வீட்டுக்குள் போய்விட்டது. சத்யாவின் கண்ணில் சந்தேகமாக உட்கார்ந்துவிட்டது. நண்பனும் வனத்துறை அதிகாரியுமான ஜோஷி மனதிலும் விழுந்துவிட்டது. நம் மனதிலும்தான். சத்யா தன்னை நம்பவில்லையே என்று பார்த்திபன் உடைந்து பேசும் காட்சி, விஜய் அண்மையில் நடித்தவற்றில் மிகச் சிறந்த ஒன்று என்று பலரும் சொன்னார்கள், நானும் சொல்வேன். அந்தக் காட்சியைப் பெற்றுத் தந்தது ஆண்டனியின் கேள்வி. ஆண்டனி அந்த அறையில் இல்லை. ஆனால் அந்தக் காட்சி முழுக்க அவன்தான் இருந்தான். படத்தில் ஆண்டனி மிக பலமாக இருந்த நேரம் அவன் திரையில் இல்லாத அந்த நேரம்தான் என்பது என் கணிப்பு.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று?

கேள்வி போய்விட்டது, நரபலி வந்தது

இரண்டாம் பாதியில், மன்சூர் அலி கான் நடித்த இருதயராஜ் டிசோசா சொல்வதாக ஃப்ளாஷ்பேக் விரிகிறது. 1999. தெலங்கானாவில் தாஸ் குடும்பத்தின் புகையிலைத் தொழில். அதை மறைப்பாக வைத்து போதைப்பொருள் வியாபாரம். ஆண்டனிக்கு மூடநம்பிக்கை அதிகம். நரபலி கொடுத்தால் தொழில் பெருகும் என்று நம்புகிறவன். அந்த வெறி கடைசியில் சொந்தப் பிள்ளைகள் மேலேயே திரும்புகிறது. லியோவின் இரட்டைச் சகோதரி எலிசா பலியாகிறாள். லியோ அப்பாவுக்கு எதிராகத் திரும்புகிறான், தொழிற்சாலை எரிகிறது, லியோ செத்துவிட்டான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஒரு தகப்பன் பெற்ற மகளையே பலி கொடுக்கிறான் என்றால் அதைவிடக் கொடுமை உண்டா? எழுதும்போது இது பயங்கரமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் கொடுமையின் அளவைக் கூட்டினால் வில்லனின் பலம் கூடும் என்று நினைப்பதுதான் நம் சினிமாவில் திரும்பத் திரும்ப நடக்கும் தப்பு. இங்கே அது மூன்று இடங்களில் அடி கொடுத்தது.

முதல் அடிதான் பெரிய அடி. ஃப்ளாஷ்பேக் வரும் வரை, பார்த்திபன்தான் லியோ என்றால் அவர் எவ்வளவு கெட்டவராக இருந்திருப்பார் என்ற பயம் நமக்கு இருந்தது. சத்யா யாரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாள் என்ற பயம். ஃப்ளாஷ்பேக் முடிந்ததும் அது காணாமல் போகிறது. லியோவும் கடத்தல் செய்தான், ஆட்களைக் கொன்றான், ஆமாம். ஆனால் பெற்ற பிள்ளைகளையே பலி கொடுக்கும் அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யார்தான் நல்லவனாகத் தெரிய மாட்டான்? தங்கைக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவன் வேறு. பழைய லியோவும் நம்ம ஆள்தான் என்று ஆகிவிட்டது. அதோடு 'நீ லியோதானே' என்ற கேள்வியின் விஷம் இறங்கிவிட்டது. ஆமாம் என்று பதில் வந்தாலும் இப்போது நஷ்டம் ஒன்றும் இல்லை. பாவம் மொத்தத்தையும் ஆண்டனி தலையில் ஏற்றிய அந்த நிமிடத்தில், அவன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தைப் படமே பிடுங்கிக்கொண்டது.

இரண்டாவது, அந்த நரபலி நம்பிக்கை தியோக்கில் நடக்கும் கதையை நகர்த்தவே இல்லை. ஆண்டனிக்கு இன்றைக்கு என்ன வேண்டும்? மகன் திரும்பி வேண்டுமா? பழி வேண்டுமா? தொழிலுக்கு ஆள் வேண்டுமா? உயிரோடு வேண்டுமா, பிணமாக வேண்டுமா? படம் பார்த்துவிட்டு நண்பர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பேசினோம். நாலு பேரும் நாலு பதில் சொன்னோம். ஒருவனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால்தான் அவன் அதற்காக எதுவரை போவான் என்று பயப்பட முடியும். செத்துப்போன மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த ஒரு அப்பா, இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அவன் முகத்தைப் பார்க்கிறான். அந்த ஒரு நொடிக்குள் எவ்வளவு இருக்கிறது! பாசம், அவமானம், கோபம், என்னை விட்டுவிட்டு எப்படி நீ நிம்மதியாக இருந்தாய் என்ற பொறாமை. சஞ்சய் தத்தின் முகம் அதை எல்லாம் தாங்கும். எழுத்து அவருக்கு அதைத் தரவில்லை. முறைக்கவும் புகை விடவும் ஆட்களை ஏவவும்தான் வேலை கொடுத்தது.

மூன்றாவது, நேரம். ஃப்ளாஷ்பேக் நம்மை தியோக்கிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. 'நா ரெடி' பாட்டும் அதற்குள்தான். பாட்டு நல்ல பாட்டு, தியேட்டரே ஆடியது. ஆனால் அங்கே தியோக்கில் சத்யாவும் பிள்ளைகளும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற பதற்றம் பாட்டு முடிந்து நாம் திரும்பி வரும்போது ஆறிப்போயிருந்தது.

ஹரோல்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, வருத்தம் அதுதான். அர்ஜுன் வந்து நின்றாலே ஒரு வெயிட் உண்டு. ஆனால் ஆண்டனியிடம் இல்லாத எது ஹரோல்டிடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி விரும்புகிறார்கள். அப்படி என்றால் இரண்டு வில்லன்கள் எதற்கு? ஒருவன் பயத்தை மற்றவன் பாதியாக்கிவிடுகிறான்.

மூலத்தில் இந்த இருவரும் யார்

'லியோ' தனக்கு அடியெடுத்துக் கொடுத்த படத்தை மறைக்கவில்லை. டேவிட் க்ரோனன்பெர்க் 2005-இல் எடுத்த 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' படத்துக்குத் தொடக்கத்திலேயே மரியாதை செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. அது ஒரு கிராஃபிக் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட படம், மொத்தம் 96 நிமிடம். 'லியோ' 164 நிமிடம். நம் படத்தில் பாட்டு, சண்டை எல்லாம் வேண்டும், நீளம் கூடத்தான் செய்யும், அது குற்றமில்லை. ஆனால் வில்லன்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகத் தெரியும்.

அங்கே இந்தியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். டாம் ஸ்டால் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் வந்த இரண்டு கொலைகாரர்களைக் கொன்று டிவியில் வருகிறார். அதன் பிறகு கருப்புக் காரில் கார்ல் ஃபோகார்ட்டி வருகிறான். எட் ஹாரிஸ் நடித்தது. கடையில் உட்கார்ந்து காபி கேட்கிறான். டாமை ஜோயி என்று கூப்பிடுகிறான். கத்தவில்லை, யாரையும் தொடவில்லை. அவனுடைய ஒரு கண் சிதைந்திருக்கிறது. ஜோயி முள்கம்பியால் செய்த வேலை அது என்கிறான்.

இங்கேதான் நுணுக்கம். அந்தக் கண்தான் அவனுடைய ஃப்ளாஷ்பேக். தனியாக ஒரு காட்சி எடுக்கவே இல்லை. பழைய ஜோயி எவ்வளவு கொடூரமானவன் என்பதற்கு சாட்சி வில்லனின் முகத்திலேயே இருக்கிறது. ஹீரோ செய்த பாவத்தை வில்லன் சுமந்துகொண்டு வருகிறான். 'லியோ'வில் நடந்தது நேர் தலைகீழ். அங்கே வில்லன் செய்த பாவத்தை ஹீரோ சுமக்கிறான். ஹீரோ மேல் பரிதாபம் கூடும், சரி. வில்லன் மேல் இருக்கும் பயம் அதே அளவு குறையும்.

ஃபோகார்ட்டி அடுத்து என்ன செய்கிறான் தெரியுமா? டாமின் மனைவியைக் கடைவீதியில், குழந்தைக்குச் செருப்பு வாங்கும் இடத்தில் சந்திக்கிறான். கையை ஓங்கவில்லை. உன் கணவனுக்கு ஆட்களைக் கொல்வது எப்படி இவ்வளவு நன்றாக வருகிறது என்று அவனையே கேட்டுப் பார் என்கிறான். போய்விடுகிறான். அந்தக் குடும்பம் அதன் பிறகு பழையபடி ஆகவே இல்லை. வில்லன் சொன்னது உண்மை, அவ்வளவுதான் விஷயம். பொய் சொல்லும் வில்லனை நாம் வெறுத்துவிட்டுப் போகலாம். உண்மை சொல்லும் வில்லனை என்ன செய்வது?

ஃபோகார்ட்டி சாவதும் அப்படித்தான். அவனைச் சுடுவது டாம் இல்லை, டாமின் மகன். பள்ளிக்கூடத்துப் பையன் துப்பாக்கியால் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டான். வில்லன் தோற்றுப்போனான், ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுதான் போனான்.

கடைசியில் வரும் அண்ணன் ரிச்சிதான் எனக்கு மிகவும் பிடித்தவன். வில்லியம் ஹர்ட் நடித்தார். படத்தில் அவர் வருவது பத்து நிமிடம் அளவுக்குத்தான். அதற்கு ஆஸ்கரில் சிறந்த துணை நடிகர் பிரிவில் பரிந்துரை கிடைத்தது. ரிச்சிக்கு நரபலி, குலசாபம் எதுவும் கிடையாது. தம்பி அன்றைக்குச் செய்த காரியத்தால் கும்பலில் தன் முன்னேற்றம் நின்றுபோனது, தலைவனாக வேண்டிய தான் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டேன் என்ற புலம்பல்தான். ஆபீசில் பிரமோஷன் கிடைக்காதவன் புலம்புவது மாதிரி! அதைச் சொல்லிக்கொண்டே தம்பியைக் கட்டிப்பிடிக்கிறான், சிரிக்கிறான், கொல்லவும் ஆள் வைத்திருக்கிறான். இப்படி ஒரு அண்ணனை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு சொத்துத் தகராறில் பார்த்திருப்போம். அதனால்தான் அவன் பயமுறுத்துகிறான். இரண்டு வில்லன்கள் ஏன் தேவை என்பதற்கும் பதில் அங்கே இருக்கிறது. ஃபோகார்ட்டி வெளியிலிருந்து வந்தவன், ரிச்சி ரத்த சொந்தம். ஒருவன் குடும்பத்தைக் கலைக்கிறான், மற்றவன் தானும் குடும்பம்தான் என்கிறான்.

நம் ஊரிலேயே உண்டு

அது வெளிநாட்டுப் படம், மாஸ் ஹீரோவுக்கு அப்படியெல்லாம் எழுத முடியாது என்று சிலர் சொல்வார்கள். ரசிகர்கள் ஹீரோவைக் கெட்டவனாக ஏற்க மாட்டார்கள், ஜெயிக்கப் போவது யார் என்று முதல் ரீலிலேயே தெரியும், பிறகு எப்படி பயம் வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு 1995-க்குப் போகலாம்.

'பாட்ஷா'வும் இதே கதைதான். அமைதியாக வாழும் ஒரு ஆட்டோக்காரர், பின்னால் மறைந்திருக்கும் ஒரு பழைய வாழ்க்கை, அதைத் தேடி வரும் எதிரி. ரஜினியைவிடப் பெரிய மாஸ் ஹீரோ அப்போது யார்? ஆனாலும் ரகுவரனின் மார்க் ஆண்டனியை முப்பது வருஷமாக யாரும் மறக்கவில்லை. அவன் மாணிக்கத்தின் நண்பன் அன்வரைப் பறித்தவன். அந்தச் சாவில்தான் பாட்ஷா பிறந்தான். அப்புறம் ஆண்டனியின் குடும்பம் அழிகிறது. செய்தது கூடவே இருந்த கேசவன். பழி பாட்ஷா மேல் விழுகிறது. அந்த நெருப்போடு ஆண்டனி சிறைக்குள் இருக்கிறான். அவன் நினைப்பது தவறு என்று நமக்குத் தெரியும். ஆனால் குடும்பத்தைப் பறிகொடுத்தவன் கோபம் பொய்யில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று படம் பார்த்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அதனால்தான் ரகுவரன் அந்த மெதுவான குரலிலேயே மிரட்ட முடிந்தது.

'படையப்பா'வின் நீலாம்பரிக்கும் அப்படித்தான். அவமானப்பட்டு, 18 வருஷம் ஒரு அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டவள். அதை ஒரு தடவை கேட்டாலே போதும், அவள் எதுவரை போவாள் என்று புரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான உதாரணம், லோகேஷ் கனகராஜும் விஜய்யும் 2021-இல் சேர்ந்து தந்த 'மாஸ்டர்'. அந்தப் படம் ஹீரோவை வைத்து ஆரம்பிக்கவில்லை, பவானியை வைத்து ஆரம்பிக்கிறது. அப்பாவைப் பறிகொடுத்து, கூர்நோக்கு இல்லத்தில் அடிபட்டு, அங்கேயே கல்லாகிப் போன ஒரு பையன். வளர்ந்த பிறகு அவன் என்ன செய்கிறான்? தான் அடிபட்ட அதே இல்லத்துப் பிள்ளைகளைத் தன் குற்றங்களுக்குப் பலியாடாக்குகிறான். அவனுடைய பழைய கதை இன்றைக்கு அவன் செய்யும் தொழிலாக மாறிவிட்டது. ஃப்ளாஷ்பேக் என்றால் அப்படி நிகழ்காலத்தில் ஒட்ட வேண்டும்.

அதைவிட, விஜய் நடித்த ஜேடியை பவானி அடித்த அடி. உதவி கேட்டு இரண்டு சிறுவர்கள் முயன்றபோது ஜேடி குடித்துவிட்டுக் கிடக்கிறான். காலையில் இரண்டும் பிணமாகத் தொங்குகின்றன. கொன்றது பவானி. ஆனால் ஜேடியின் பங்கும் அதில் இருக்கிறது, அது அவனுக்கே தெரியும். ஹீரோ, வில்லன் இருவரும் கிளைமாக்ஸ் வரை நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை. ஒரு குறையும் தெரியவில்லை. விஜய் சேதுபதி அந்த வேடத்தில் சாதாரணமாகப் பேசி, சாதாரணமாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். எழுத்து அவருக்கு முன்பே பயத்தைச் சேர்த்து வைத்துவிட்டது, அவர் தனியாக மிரட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆக, மாஸ் ஹீரோவின் தப்பை மாஸ் படத்துக்குள் காட்ட முடியும், ரசிகர்கள் ஏற்பார்கள், இதே இயக்குநர் அதைச் செய்தும் காட்டியிருக்கிறார். எனக்கு 'லியோ' மேல் வருத்தம் வந்ததே அதனால்தான். தெரியாதவர் தவறவிட்டதில்லை இது.

நடிகர்கள் மேல் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். வெளி மாநில நடிகரைக் கூட்டி வந்தால் இப்படித்தான் என்று ஒரு பேச்சு உண்டு. மொழி தெரியாத நடிகருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பது சரி. ஆனால் ஹரோல்டை நடித்தது அர்ஜுன். தமிழில் நாற்பது வருஷ அனுபவம். அவருக்கும் அதே கதிதான் என்றால் கோளாறு நடிப்பில் இல்லை.

நேரம் போதவில்லை என்பதில் உண்மை இருக்கலாம். படத்தின் பெயர் அறிவிப்பு வந்த 2023 பிப்ரவரியிலேயே வெளியீட்டுத் தேதியும் சொல்லப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து கடிகாரம் ஓடியது. இரண்டாம் பாதி பற்றி வந்த விமர்சனத்தை லோகேஷ் பின்னால் பேட்டிகளில் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார், அந்த மனசுக்கு என் மரியாதை. ஃப்ளாஷ்பேக் ஒரு பாத்திரம் சொல்லும் பார்வை மட்டுமே, முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்ற கோணமும் படம் வந்த பிறகு பேசப்பட்டது. ரசிகனாக எனக்கு அது சுவாரசியமாக இருந்தது. ஆனால் ஆண்டனிக்கு அது உதவாது. அவன் செய்த மிகப் பெரிய கொடுமையே நடக்காமல் போயிருக்கலாம் என்றால், பாவம், அவனிடம் வேறு என்னதான் மிச்சம்?

ஒரு சின்ன மாற்றம்

படம் எடுப்பதன் கஷ்டம் தெரியாமல் பேசுவதாக நினைக்க வேண்டாம். கையில் இருந்ததை வைத்தே யோசித்துப் பார்க்கிறேன். நரபலியை எடுத்துவிடலாம். எலிசாவின் சாவில் லியோவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கட்டும். அவன் கொண்டுவந்த சரக்கால், அவன் மூட்டிவிட்ட பகையால், அல்லது அவன் வரவேண்டிய நேரத்தில் வராததால். இப்போது ஆண்டனி தியோக்குக்கு வருகிறான். அவன் மகளைப் பறிகொடுத்த அப்பா. என் பெண்ணைச் சாகவிட்டுவிட்டு நீ மட்டும் இங்கே வந்து ஒரு பெண் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்கிறான். சின்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். பார்த்திபன், நான் லியோ இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது செத்துப்போன எலிசாவை இன்னொரு தடவை மறுதலிக்கிறார். அந்த ஒரு காட்சிக்கு சஞ்சய் தத் போதும். ஆள் படை எதுவும் வேண்டாம்.

படத்தின் முடிவில் அதற்கான விதை கிடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். ஆண்டனி போன பிறகு ஹரோல்டும் பார்த்திபனும் எதிரெதிரே. ஹரோல்ட் தெரிந்துகொள்ளத் துடிப்பது ஒன்றே ஒன்று. அப்போதுதான் பார்த்திபன் ஒப்புக்கொள்கிறார், தான்தான் லியோ என்று. மனைவியிடம் சொல்லாததை, நண்பனிடம் சொல்லாததை, கொல்லப்போகிறவனிடம் சொல்கிறார். உலகத்தில் அந்த உண்மையைச் சொல்ல அவருக்கு மிச்சம் இருந்த ஒரே ஆள் எதிரிதான். படம் முழுக்கத் தொலைந்துபோயிருந்த கேள்வி அங்கே ஒரு நிமிடம் திரும்பி வருகிறது. அர்ஜுனின் முகம் அப்போது உண்மையாகவே மாறுகிறது. முதல் நாள் அந்தக் காட்சியில் பேப்பர் பையன் மறுபடி எழுந்து நின்றதைப் பார்த்தேன். அடுத்த நொடி ஹரோல்ட் செத்துவிட்டான்.